1300 பாகை: யார் அளந்தது?

2025ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் சென்னையில் ‘இரும்பின் தொன்மை’ என்னும் நூல் வெளியிடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பேராசிரியர் கா. ராஜனும் முனைவர் இரா. சிவானந்தமும் எழுதி, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்ட நூல் அது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஈமத்தாழிகளில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்ற செய்தி, எங்கள் இளையரசனேந்தல் தேநீர்க் கடை பெஞ்சு வரை வந்து சேர்ந்தது. அந்த ஆண்டைப் பற்றி வழக்கும் எழுந்தது. கரியின் வயது மரத்தின் வயதுதானே, இரும்பின் வயதாகுமா என்று கேட்டவர்கள் உண்டு. இன்னும் பல ஊர்களிலிருந்து சான்று வரட்டும் என்றவர்களும் உண்டு. இவையெல்லாம் அறிவியலுக்கு உகந்த கேள்விகளே.

ஆனால் அதே பேச்சில் வேறோர் எண்ணும் அடிபட்டது. அதைப் பற்றி ஒருவரும் வழக்காடவில்லை. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வட்ட வடிவ இரும்புலை 1300° செ. வரை சூடேறியது என்பதே அது. உலையைச் சுற்றி மண் வெளுத்துக் கிடந்ததை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். மேடையில் ஒருவர் ‘ஆயிரத்து முன்னூறு’ என்றால் கை தட்டுகிறோம். அடுத்த மேடையில் அது ‘ஆயிரத்து ஐந்நூறு’ ஆனாலும் தட்டுகிறோம்.

கொடுமணல் உலையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 1300 என்பது அத்தகைய உலைக்குப் பொருந்தி வரக்கூடிய எண்தான். என் குறையெல்லாம் அந்த எண்ணை நாம் கையாளும் முறையைப் பற்றியது. கரியின் காலத்தைச் சொல்லும்போது எந்த ஆய்வகம் அளந்தது, எந்த மாதிரி, முன்பின் எத்தனை ஆண்டு பிழை என்றெல்லாம் பக்கத்திலேயே குறிக்கிறார்கள். உலையின் வெப்பநிலையைச் சொல்லும்போது மட்டும் எண் தனியாக, அநாதையாக வருகிறது. பௌதிக ஆசிரியனான எனக்கு இது உறுத்துகிறது.

மின்சாரம் நின்றுபோன இரவில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றுகிறீர்கள். அதன் சுடரில் மிகச் சூடான பகுதி 1400° செ.ஐ ஒட்டி இருக்கிறது. அதாவது கொடுமணல் உலைக்குச் சொல்லப்படும் எண்ணைவிட அதிகம்! மெல்லிய செம்புக் கம்பியின் நுனி அதில் உருகவும் கூடும். அதற்காக மெழுகுவத்தியைக் கொண்டு இரும்பு எடுத்துவிட முடியுமா? சுடரின் வெப்பநிலை பெரிது. அது தரும் வெப்பத்தின் அளவு சிறிது. ஒரு கூடை தாதை மணிக்கணக்கில் அந்தச் சூட்டில் வைத்திருப்பதே உலையின் வேலை. எத்தனை பாகை என்று மட்டும் கேட்டால் மெழுகுவத்தியும் உலையும் ஒன்றாகிவிடும்.

இனிப் பழைய இரும்புலைக்குள் நடப்பதைப் பார்ப்போம். தாதையும் மரக்கரியையும் மாறி மாறிக் கொட்டித் துருத்தியால் ஊதுகிறார்கள். கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகிறது. இந்த வாயு தாதிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு இரும்பை விட்டுச் செல்கிறது. இதற்கு 800° செ.ஐ ஒட்டிய சூடே போதும். பிறகு தாதிலுள்ள மணற்சத்தை இரும்பிலிருந்து பிரிக்க வேண்டும். அது இரும்பு ஆக்சைடோடு சேர்ந்து கசடாகி 1200° அளவில் உருகி வழிந்துவிடும். மிஞ்சுவது கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையான இரும்புக் கட்டி. அதைத் திரும்பக் காய்ச்சி அடித்தால் கசடு பிதுங்கி வெளியேறும். இத்தனையிலும் இரும்பு ஒருபோதும் உருகவில்லை என்பதைக் கவனியுங்கள். தூய இரும்பு உருக 1538° செ. வேண்டும், இங்கே அதற்குத் தேவையே எழவில்லை.

இதை அறியாததால் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நேர்கின்றன. இரும்பு 1538 பாகையில்தான் உருகும், நம் முன்னோர் இரும்பு செய்தார்கள், ஆகவே 1538 பாகையை எட்டினார்கள் என்பது ஒரு தவறு. கரியும் துருத்தியும் கொண்டு 1538ஐ எட்ட முடியாது, ஆகவே இரும்பு செய்தார்கள் என்பதே கட்டுக்கதை என்பது மற்றொன்று. பெருமை பேசுபவரும் பழித்துப் பேசுபவரும் ஒரே பாடநூல் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

உலைக்குள் எல்லா இடமும் ஒரே சூட்டில் இருப்பதும் இல்லை. துருத்தியின் மண்குழல் வாய்க்கு எதிரே மிகுந்த சூடு. சில சாண் மேலே போனால் அதில் பாதிகூட இராது. குழல் வாயருகே ஆக்சிஜன் மிகுதி, அங்கே போன இரும்பு திரும்ப எரிந்துவிடும். மேலே போகப் போகக் கார்பன் மோனாக்சைடு மிகுதி, அங்கேதான் இரும்பு பிறக்கிறது. ஆகவே 1300 என்றால் எந்த இடத்தில், எந்தக் காற்றில், எவ்வளவு நேரம் என்று கேட்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி தலைப்பிலேயே இருக்கிறது. அக்காலத்தில் வெப்பமானி இல்லை. கொல்லர்கள் நிறத்தைப் பார்த்தே சூட்டை அறிந்தார்கள். இன்றும் எங்கள் பக்கத்துக் கொல்லுப் பட்டறையில் கொழு அடிக்கும்போதும் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுக்கும்போதும் அதைத்தான் செய்கிறார்கள். பட்டறையை இருட்டாக வைத்திருப்பது ஏன் என்று நினைக்கிறீர்கள்? வெயிலில் பார்த்தால் சிவந்த இரும்பும் கறுப்பாகத் தெரியும். நிழலில் பார்த்தால்தான் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெண்மை என்ற படிகள் பிரிந்து தெரியும். பழகிய ஆசாரியின் கண் வியக்கத்தக்க கருவிதான். ஆனால் அந்தக் கண் பார்த்ததை எண்ணாக எழுதிவைக்க வழியில்லை.

எண்ணாக எழுத முயன்ற முதல்வர்களில் ஒருவர் இங்கிலாந்தின் பெரும் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட். சார்லஸ் டார்வினின் தாய்வழிப் பாட்டனார் இவர். களிமண் சுடச்சுடச் சுருங்குகிறது. சிறு களிமண் துண்டை உலைக்குள் வைத்து, எடுத்து, சுருக்கத்தை அளந்தால் சூடு தெரியும் என்பது அவர் கருத்து. 1782இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதி அனுப்பினார். அவருடைய அளவுகோலில் வார்ப்பிரும்பு உருகும் இடம் 130. அதை அவரே பாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது வந்தது 17,977 பாகை. செல்சியஸில் ஏறக்குறைய பத்தாயிரம்! உண்மையில் வார்ப்பிரும்பு 1150, 1200 பாகையிலேயே உருகிவிடும். சூரியனின் மேற்பரப்பே 5500° செ. அளவுதான். நேர்மையும் கூர்மையும் உள்ள மனிதர், நல்ல கருவி, கவனமான கணக்கு. எனினும் விடை எட்டு மடங்கு தவறு. காரணம், களிமண்ணின் சுருக்கம் வெப்பநிலையை மட்டும் பொறுத்ததன்று. எந்தக் களிமண், எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்பதையும் பொறுத்தது. 1880களில் பிரான்சின் லெ ஷாட்டலியே பிளாட்டினக் கம்பியையும் பிளாட்டினம்-ரோடியக் கம்பியையும் முறுக்கி நம்பகமான வெப்ப மின்னிரட்டை ஒன்றை உருவாக்கிய பிறகே உலைக்குள் இருப்பது தெளிவாகத் தெரியலாயிற்று.

கொடுமணல் உலைக்குள் இன்று மின்னிரட்டையை நுழைக்க முடியாது. அது அணைந்து ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. எஞ்சியிருப்பது சுட்ட மண்ணும் கசடுமே. அந்த மண்ணையே இன்னோர் உலையில், நாம் அளந்தறிந்த சூட்டில், திரும்பச் சுட்டுப் பார்ப்பதுதான் வழி. பழைய உலையின் எண்ணைச் சொல்ல வேண்டியது புதிய உலை, அதாவது ஆய்வக உலை.

ஆனால் ஆய்வக உலைகளைப் பற்றி நம் நூல்களும் கட்டுரைகளும் மாணவருக்குச் சொல்வது என்ன? ஓர் அட்டவணை. இடப்பக்கம் உலையின் பெயர், வலப்பக்கம் அதன் உச்ச வெப்பநிலை. மாணவரும் ஓட்டப் பந்தயத்தில் வென்றவர் பட்டியலைப் போல அதை மனப்பாடம் செய்துவிடுகிறார். ஏன் இத்தனை வகை என்ற கேள்விக்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

காற்றைக் கேட்டால் காரணம் விளங்கும். மின்னோட்டம் பாயும் கம்பி சூடேறுகிறது. சூடேறினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைத் தின்கிறது. 1906இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்கல்-குரோமியக் கலவை, தன்மேல் குரோமியம் ஆக்சைடு தோல் போர்த்திக்கொண்டு 1000, 1100 பாகை வரை தப்பிக்கிறது. இரும்பு-குரோமியம்-அலுமினியக் கம்பிக்கு அலுமினாத் தோல். கல்லூரி ஆய்வகங்களில் உள்ள மஃபிள் உலைகளில் பெரும்பாலானவை இதைக் கொண்டு 1200 வரை போகின்றன. அதற்கு மேல் சிலிக்கன் கார்பைடுத் தண்டு. 1891இல் செயற்கை வைரம் செய்யப் புறப்பட்ட ஆச்சிசன் கையில் தற்செயலாகக் கிடைத்த பொருள் இது. 1500ஐ ஒட்டி வேலை செய்யும். வயதாக ஆக இதன் மின்தடை ஏறிக்கொண்டே போகும், ஆகவே தண்டுகளைத் தொகுப்பாக மாற்ற வேண்டும். மாலிப்டினம் டைசிலிசைடு இன்னும் மேலே 1700 வரை போகும். அதன் மேல் படர்வது கண்ணாடி போன்ற சிலிகாத் தோல். சூட்டில் மென்மையாகிவிடும் என்பதால் இதைத் தொங்கவிட்டே பொருத்துகிறார்கள்.

இந்தப் படிகளில் ஏறுவது எளிதன்று. 1200இலிருந்து 1700 என்றால் கெல்வினில் 1473இலிருந்து 1973. ஸ்டெஃபான் விதிப்படி கதிர்வீச்சு நான்காம் அடுக்கில் ஏறும். கணக்கிட்டுப் பாருங்கள், 3.2 மடங்கு. அட்டவணையில் அடுத்த வரிதான். உலையின் சுவருக்கோ மூன்று மடங்கு பாரம்.

இதற்கும் மேலே போக வேண்டுமானால் ஆக்சிஜனையே வெளியேற்ற வேண்டும். கிராஃபைட் காற்றில் 500 பாகையிலேயே எரியத் தொடங்கும். ஆர்கானிலோ வெற்றிடத்திலோ 2000ஐத் தாண்டி அமைதியாக வேலை செய்யும். டங்ஸ்டனும் அப்படியே. 1892இல் மோய்சான் சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து செய்த மின்வில் உலை, பிரான்சின் ஓடேயோவில் ஒரு மலைச்சரிவு முழுவதும் ஆடி பதித்து 3000ஐத் தாண்டும் சூரிய உலை ஆகியவை பார்க்கப் பிரமிப்பானவை. ஆனால் ஆய்வாளரின் அன்றாட வேலை இவற்றில் நடப்பதில்லை.

சரி, மஃபிள் உலையின் முகப்பில் ஒளிரும் எண்ணையாவது நம்பலாமா? ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். மாணவர் இருவர் தங்கள் மாதிரிகளை ‘925 பாகையில் ஆறு மணி நேரம் சுட்டோம்’ என்று குறிப்பேட்டில் எழுதி வந்தார்கள். ஒரு நாள் மாதிரிக்குப் பக்கத்தில் நூலளவு வெள்ளிக் கம்பி ஒன்றை வைக்கச் சொன்னேன். முகப்பு 925 காட்டும்போதே கம்பி உருகி மணியாகிக் கிடந்தது. வெள்ளியின் உருகுநிலை 961.78° செ.; பன்னாட்டு வெப்பநிலை அளவுகோலில் நிலைப்புள்ளியாக வைத்திருக்கும் எண் இது. காற்றில் வெள்ளி ஆக்சிஜனை விழுங்கிக்கொள்வதால் ஏறக்குறைய 950இலேயே உருகிவிடும். அப்படிப் பார்த்தாலும் 25 பாகை பொய். உலையைப் பிரித்தபோது, மின்னிரட்டையின் நுனி செங்கல் துளைக்குள் பின்வாங்கி ஒளிந்திருந்தது. அது தான் இருந்த இடத்தின் சூட்டைச் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது; மாதிரி வேறிடத்தில் இருந்தது. அதற்கு முன் அந்த உலையிலிருந்து எத்தனை ஆய்வேடுகள் ‘925’ என்று எழுதி ஏற்கப்பட்டனவோ, அவற்றைத் திருத்துவார் யார்?

எங்கே என்ற இந்தக் கேள்விக்கு முறையாக விடை தேடிய ஒருவர் நம் பக்கத்தவர். திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். இராமனோடு ஒளிச்சிதறலில் உழைத்தவர் என்பதோடு அவரை நம் பாடநூல்கள் நிறுத்திக்கொள்கின்றன. 1947இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரான பிறகு அவர் கவனம் செலுத்திய துறைகளில் ஒன்று உயர்வெப்ப இயற்பியல். எஸ். சி. ஜெயினுடன் சேர்ந்து, வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடேற்றிய தண்டின் நீளம் நெடுக வெப்பநிலை எப்படிப் பரவியிருக்கிறது என்று 1954ஐ ஒட்டி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். கேட்க எளிமையான கேள்விதான். தண்டின் இரு முனைகளும் குளிர்ந்த பிடிகளில் இருக்கின்றன. நடுவே மட்டும் சூடு சமமாக நிற்கிறது. அந்தச் சமவெளி எவ்வளவு நீளம், முனைக்கு எத்தனை தொலைவில் சரிகிறது? குழாய் உலையில் மாதிரி வைக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. அதே குழு கிராஃபைட்டுக் குழிவறை ஒன்றை வெற்றிடத்தில் சூடாக்கி, உள்ளே ஆவி போல நிறையும் எலெக்ட்ரான்களைச் சிறு துளை வழியே கசியவிட்டு அளந்தது. கிராஃபைட்டின் வெப்ப அயனி மாறிலிகளைப் பற்றிய அந்தக் கட்டுரை 1952இல் ராயல் சொசைட்டி வெளியீட்டில் வந்தது. உலை அங்கே பொருளைக் காய்ச்சும் அடுப்பாக இல்லை, அளவுக் கருவியாகவே இருந்தது.

காற்றின் பங்குக்கு 1987ஐ நினைவுகூரலாம். 93 கெல்வினிலேயே மீகடத்தியாகும் இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடு வெளிவந்த ஆண்டு அது. செய்முறை உலகம் முழுதும் பரவியதற்குக் காரணம், அதற்குச் சாதாரண மஃபிள் உலை போதும் என்பதே. பொடிகளை அரைத்து, 950 பாகையளவில் சுட்டு, மீண்டும் அரைத்து, வில்லையாக்கிச் சுட வேண்டும். சூட்சுமம் உச்சத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. 500, 400 பாகைகளின் வழியே ஆக்சிஜன் சூழலில் மெல்ல ஆறவிட்டால் மீகடத்தி கிடைக்கும். அவசரப்பட்டு வெளியே எடுத்துப் போட்டால், அதே பொருள், அதே உச்சச் சூடு, ஆனால் மீகடத்தல் இல்லை.

இப்போது கொடுமணலின் மண்ணை ஆய்வக உலையில் வைக்கலாம். சுட்ட மண் தான் முன்பு கண்ட சூடு வரை திரும்பச் சூடேற்றினாலும் பெரிதாக மாறாது. அதைத் தாண்டும்போது அதன் நுண்துளைகள் மேலும் மூடிக் கண்ணாடித் தன்மை கூடும். உலைச் சுவர்த் துண்டைப் பல சில்லுகளாக்கி, ஒவ்வொன்றையும் ஐம்பது ஐம்பது பாகை கூட்டிச் சுட்டு, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மாற்றம் எங்கே தொடங்குகிறதென்று தெரியும். 1970களிலிருந்தே பானையோடுகளுக்கு உலகெங்கும் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் வெட்ஜ்வுட்டைத் தடுக்கிவிழச் செய்த கல் இங்கேயும் கிடக்கிறது. நீண்ட நேரம் சற்றுக் குறைந்த சூடும், சிறிது நேரம் சற்று மிகுந்த சூடும் ஒரே தோற்றத்தைத் தரும். கரி உலையின் ஆக்சிஜனற்ற காற்றில் மண்ணிலுள்ள இரும்பு உருக்குதுணையாகி, மண் முன்னதாகவே இளகும். ஆகையால் மஃபிள் உலையில் காற்றில் சுட்டால் விடை ஐம்பது, நூறு பாகை பிசகலாம். வாயுக் கலவையைச் செலுத்தக்கூடிய குழாய் உலை வேண்டும். வெளுத்த நிறமும் தன்னளவில் ஓர் எண் ஆகாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண் 900, 1000 பாகையிலேயே வெளிறக்கூடும்.

சான்றோடு வரும் எண் எப்படியிருக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் எஃகு காய்ச்சிய மூசைத் துண்டுகளைச் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து 1994இல் எழுதினார். மூசையின் உட்புறத்தில் சிக்கிக்கொண்ட கடுகளவு உலோக மணிகள் உயர் கார்பன் எஃகாக இருந்தன. எஃகு துளியாகத் தெறித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறதென்றால் அது உருகியிருக்க வேண்டும். ஒன்றரை விழுக்காடு அளவில் கார்பன் உள்ள எஃகு முழுதும் உருக 1400ஐத் தாண்ட வேண்டும். இரும்பு-கார்பன் வரைபடத்தில் விரலை வைத்து யாரும் இதைச் சரிபார்க்கலாம். தெலங்கானாவின் கோணசமுத்திரத்து மூசைகளிலும் இப்படித்தான். உமி கலந்த அந்த மண்ணில் முல்லைட், கிறிஸ்டோபலைட் என்னும் படிகங்கள் காணப்பட்டன. உயர்ந்த சூட்டில் பிறப்பவை இவை.

கொடுமணலுக்கு வேண்டியது அதிகமில்லை. வெளுத்த மண்ணில் ஒரு கைப்பிடி, அதே குழியில் தீப்படாத மண்ணில் ஒரு கைப்பிடி, வாயு செலுத்தும் குழாய் உலை ஒன்று, அருகில் ஒரு வெள்ளிக் கம்பியும் ஒரு செம்புக் கம்பியும். தீப்படாத மண்ணை 1000 முதல் 1350 வரை எட்டுப் படிகளில் சுட்டு, வெளுத்த மண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரு முதுகலை மாணவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை. 1300 என்று வந்தால் 1300 என்று எழுதட்டும், 1150 என்று வந்தால் அதை எழுதட்டும். பக்கத்திலேயே எந்த வாயுவில், எத்தனை மணி நேரம், முன்பின் எத்தனை பாகை என்பதையும் எழுதட்டும்.